லாபம்... ரெண்டு... மூணு!

பி.காம். படித்தவனுக்கு ‘லாபம்’ என்பது கடைசி வரி. வரவு எழுதி, செலவு எழுதி, தேய்மானம் கழித்து, வட்டி கழித்து, வரி கழித்து, ஆடிட்டர் ஃபீஸையும் கழித்த பிறகு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் லாபம். மூன்று வருஷம் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பல கம்பெனிகளில் அந்தக் கடைசி வரிக்கு வரும்போது பேனாவில் மை இருக்கும். எழுத நம்பர்தான் இருக்காது.

தஞ்சாவூர்ச் சீமையில் என் தாத்தா தலைமுறை இந்த சிஸ்டத்தைத் தலைகீழாக வைத்திருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ‘ஒண்ணு’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு, நாலு! ‘லாபம்’ என்று கொஞ்சம் இழுத்து, ராகமாகச் சொல்லி, மரக்காலைக் கவிழ்ப்பார்கள். கடனில் மூழ்கி வரப்பு வரைக்கும் அடமானத்தில் இருக்கிற ஆளுக்குக்கூட எண்ணிக்கை லாபத்தில்தான் ஆரம்பிக்கும்.

இத்தனை நம்பிக்கையோடு கணக்கு எழுதிய அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

*

எல்லா ஆபீசிலும் ஒருவர் இருப்பார். மார்ச் மாதக் கடைசி வாரம், கணக்கு முடிக்கிற நேரத்தில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்.

“பேசாம ஊருக்கே போயிடலாம் ஸார். ரெண்டு மாடு, நாலு கோழி, ஒரு ஏக்கர் வயல். நிம்மதி! நம்ம தாத்தாவெல்லாம் டென்ஷன்னா என்னன்னே தெரியாம வாழ்ந்தாங்க.”

சொல்பவர், வீட்டு பால்கனியில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து ரெண்டு ரோஜாச் செடிகளைக் கொன்றவராக இருப்பார். அது கிடக்கட்டும். வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ஒரு திண்ணை, ஒரு மாட்டு வண்டி, ஒரு பனையோலை விசிறி. படத்துக்கு மேலே, ‘அந்தக் காலம் திரும்ப வருமா?’ ஹைவேயில் ஓட்டல் திறக்கிறவர்கள் வாசலில் ஒரு வண்டிச் சக்கரத்தை நட்டு, பக்கத்தில் பழைய மரக்கால் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இட்லிக்கு எக்ஸ்ட்ராவாக இருபது ரூபாய் வாங்குகிறார்கள்.

நான் கணக்குப் படித்தவன். ‘அந்தக் காலம்’ என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்குமே என்று தோன்றியது. மூன்று பேரிடம் கேட்டு வைத்தேன். தாத்தா ஒருவர், பாட்டி ஒருவர், இன்னொருவர் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே ஊர், மன்னார்குடி பக்கம். ஒரே வயல், ஒரே களம்.

மூன்று கணக்கும் டேலி ஆகவில்லை!

*

முதலில் தாத்தா கணக்கு.

தாத்தாவுக்கு பத்து மா நிலம். சொந்தமில்லை, வாரத்துக்கு உழுதது. (இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.) 1934-ல் மேட்டூர் அணை திறந்த பிறகு பிறந்தவர்கள் பாக்கியசாலிகள் என்பார். அதற்கு முன்னால் காவிரி இஷ்டத்துக்கு வரும். வந்தால் வெள்ளம், வராவிட்டால் பஞ்சாங்கம்.

ஆடியில் விதைத்த சம்பா, தையில் அறுப்பு. கிட்டத்தட்ட ஆறு மாசப் பயிர். குழந்தையைச் சுமக்கிற மாதிரிதான். அறுத்த கதிரை அரி அரியாகப் போட்டு, கட்டுக் கட்டி, தலைச் சுமையாக வரப்பில் ஓடி வந்து களத்தில் இறக்குவார்கள். சாணி தெளித்து மெழுகிய களம். முதலில் கட்டைக் கையால் அடித்து நெல்லை உதிர்ப்பது. மிச்சம் வைக்கோலில் ஒட்டியிருக்குமே, அதற்கு மாடுகளை வரிசையாகப் பிணைத்து, வட்டமாக மிதிக்க விடுவது. அப்புறம் காற்று வருகிற திசை பார்த்து நின்று முறத்தால் தூற்றுவது. பதர் பறக்கும், கருக்காய் ஒதுங்கும், மணி குவியும். ராத்திரி அந்தக் குவியலை அப்படியே விட்டுவிட முடியாது. சுற்றிலும் சாணிக் கரைசலால் குறி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் குறி கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆடிட் சீல்!

மறுநாள் அளவு. மொத்தம் வந்த நெல்லுக்குப் பெயர் ‘கண்டுமுதல்’. எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். கண்ணால் கண்ட முதல். எதிர்பார்த்தது, வாய்ப்பேச்சில் சொன்னது, பட்ஜெட்டில் போட்டது எதுவும் கிடையாது. கண்டது மட்டும்.

அளவு வாய்பாட்டைத் தாத்தா தூக்கத்தில்கூடச் சொல்வார். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். குறுணி என்றாலும் அதேதான். ரெண்டு குறுணி ஒரு பதக்கு. ரெண்டு பதக்கு ஒரு தூணி. மூணு தூணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்துக்கு 12 மரக்கால், 96 படி, 384 உழக்கு. கால்குலேட்டர் தட்டி சரிபார்த்துவிட்டேன். தாத்தா ஒரு உழக்குகூடத் தப்பவில்லை.

இனிமேல்தான் விஷயம். கண்டுமுதல் அளந்ததும் நெல் வீட்டுக்குப் போகாது. களத்திலேயே பங்கு பிரியும். கலப்பை செய்து கொடுத்த தச்சர், கொழு அடித்துக் கொடுத்த கொல்லர், பானை கொடுத்த குயவர், துணி வெளுத்தவர், முடி வெட்டினவர், ராத்திரி வாய்க்காலில் நின்று தண்ணீர் பாய்ச்சின நீர்க்கட்டி, காவல் காத்த தலையாரி, கோயில், கணக்குப்பிள்ளை, வைத்தியர், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் களத்து ஓரத்தில் வந்து நிற்பார்கள். வருஷம் முழுக்க யாரும் பில் போடவில்லை, ரசீது கொடுக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஊருக்குத் தெரியும். மரக்கால் பேசும்.

இந்தப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமோ? ‘சுதந்திரம்’! 1947-க்கு ரொம்ப காலம் முன்பே நம் களத்துமேட்டில் சுதந்திரம் மரக்கால் கணக்கில் கிடைத்திருக்கிறது.

இது தஞ்சாவூருக்கு மட்டும் சொந்தமான வழக்கம் இல்லை. 1767-லிருந்து 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் தாமஸ் பார்னார்டு என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர் சுமார் 2000 கிராமங்களை சர்வே பண்ணினார். ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு விளைந்தது, அதில் யார் யாருக்குப் பங்கு போனது என்று பதிவாகியிருக்கிறது. சர்க்காருக்குப் போவதற்கு முன்னால் ஊருக்கென்று பிரிகிற பங்கைப் பார்த்து, பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

“களத்துக்கு வந்தவன் எவனும் வெறும் மடியோட திரும்பினதில்லடா” என்பார் தாத்தா. சொல்லும்போது கண் லேசாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு பொய்யில்லை.

தாத்தாவுக்கு ஒரு கோபமும் உண்டு. நிலத்துக்காரர் வீட்டில் ரெண்டு மரக்கால் இருந்ததாம். வாரம் வாங்க ஒன்று, கடன் கொடுக்க ஒன்று. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே ஒன்று கொஞ்சம் பெரிய வயிறு.

“கேட்க முடியாதா தாத்தா?”

“கேட்டா அடுத்த வருஷம் நிலம் வேற ஆளுக்கு.”

உழுதவனுக்கு அந்த நாளில் நாலில் ஒரு பங்கு நின்றாலே பெரிசு. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து வாரதாரர் பங்கை ஐந்தில் இரண்டாக்கியது. 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம், நிலத்துக்காரருக்கு 40, உழுதவருக்கு 60 என்று திருப்பிப் போட்டது. நாலே வருஷத்தில் நாற்பதிலிருந்து அறுபது! எந்த ஆபீசிலும் இப்படி ஒரு இன்கிரிமெண்ட் கிடையாது. என்ன, சட்டம் பேப்பரில் வந்துவிட்டது. வரப்பு வழியாக நடந்து களத்துக்கு வந்து சேர அதற்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

*

ரெண்டாவது, பாட்டி கணக்கு.

பாட்டியிடம் களத்துமேடு, தூற்றுகிற காற்று, லாபம் என்று ஆரம்பித்தால், “போடா போக்கத்தவனே! அதோட முடிஞ்சு போச்சா?” என்பாள். பாட்டி கணக்கு, தாத்தா கணக்கு முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. நெல் வீட்டுக்கு வந்த பிறகு.

நெல்லை அப்படியே தின்ன முடியாது என்கிற சின்ன விஷயம் வாட்ஸ்அப் அனுப்புகிறவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. குதிரிலிருந்து எடுக்கணும். ஊற வைக்கணும். அவிக்கணும். காய வைக்கணும். கோழி, காக்கா, ஆடு மூன்றோடும் சண்டை போடணும். மழை இருட்டினால் ஓடிப் போய் அள்ளணும். அப்புறம் உரலில் போட்டு உலக்கையால் குத்தணும். புடைக்கணும். தவிடு, குருணை பிரிக்கணும். இத்தனையும் ஆன பிறகு அடுப்பு.

விடியற்காலை நாலு மணிக்கு உலக்கை எடுத்தால்தான் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் பத்து மணிக்கு சோறு. தாத்தா ‘அந்தக் காலத்தில் விடியற்காலை சத்தமே தனி’ என்று ரசித்துச் சொல்வது இந்த உலக்கைச் சத்தத்தைத்தான். கேட்டவருக்கு சங்கீதம். இடித்தவளுக்குத் தோள்பட்டை.

பக்கத்து ஊரில் ரைஸ் மில் வந்த கதையைப் பாட்டி, மற்றவர்கள் கல்யாணக் கதை சொல்வது போலச் சொல்வாள். என்றைக்கு வந்தது, முதல் மூட்டை யாருடையது, மிஷின் சத்தம் எவ்வளவு தூரம் கேட்டது என்று சகலமும் ஞாபகம்.

“உங்க தாத்தா ஊருக்கெல்லாம் சுதந்திரம் அளந்தாரு. எனக்கு சுதந்திரம் அந்த ரைஸ் மில்லுல வந்துச்சு.”

பாட்டி கணக்கில் இன்னொரு பக்கம், ஐப்பசி கார்த்திகை. தாத்தா எப்போதும் தை மாசத்தைப் பற்றியே பேசுவார். தை என்பது சம்பள நாள். எல்லோரும் சம்பள நாளில் ராஜாதான். பாட்டி இருபத்தெட்டாம் தேதியைப் பற்றிப் பேசுவாள். சம்பா இன்னும் பச்சையாக நிற்கும், குதிரில் கை விட்டால் அடி தட்டும், வெளியே அடைமழை. அப்போது நிலத்துக்காரர் வீட்டிலிருந்து (அந்தச் சின்ன வயிறு மரக்காலில்) நெல் கடன் வாங்க வேண்டும். ஒன்று வாங்கினால் தையில் ஒன்றரையாக, பெரிய வயிறு மரக்காலில் அளக்க வேண்டும். வட்டி விகிதம் என்ன என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மூன்றே மாசத்துக்கு ஐம்பது சதவிகிதம், மரக்கால் வித்தியாசம் தனி. கிரெடிட் கார்டுக்காரர்கள் வெட்கப்பட வேண்டும்.

“டென்ஷன் இல்லாம இருந்தீங்களாமே பாட்டி?”

“அந்த வார்த்தை இல்ல. அது இருந்துச்சு.”

*

மூன்றாவது கணக்குக்கு நான் தெற்கே, வாய்க்கால் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

எண்பத்தைந்து வயசுப் பெரியவர். தாத்தா உழுத அதே வயலில் நாற்றுப் பறித்தவர், அறுத்தவர், கட்டடித்தவர், தூற்றியவர். அவருடைய அப்பா நிலத்துக்காரரிடம் பண்ணையாள். பண்ணையாள் என்றால் மாசச் சம்பளம், கேஷுவல் லீவ் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தோடு வேலை. விட்டுப் போக முடியாது. பிள்ளை ஆறு வயசில் மாடு மேய்க்க வந்துவிட வேண்டும், அது அப்ரெண்டிஸ்ஷிப்.

என்னைப் பார்த்ததும், “வாங்க தம்பி” என்றார்.

அந்தத் ‘தம்பி’க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவர் அப்பா காலத்தில் என் வயசுக்காரனை மட்டுமில்லை, பத்து வயசுப் பையனைக்கூட ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் பத்து வயசு, திருப்பி அறுபது வயசுக்காரரை ‘டேய்’ என்று கூப்பிடும். நான் ‘ஐயா’ என்று கூப்பிட்டு, அவர் ‘தம்பி’ என்று கூப்பிட்டு, ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வாட்ஸ்அப் படங்களில் இருக்கிற திண்ணையில் இது நடந்திருக்காது.

களம், மரக்கால், லாபம் என்று ஆரம்பித்தேன். சிரித்தார்.

“உங்க தாத்தா நல்ல மனுஷன் தம்பி. அடிக்க மாட்டாரு. ஆனா அளக்கறப்ப அவருக்கு ரெண்டு கை.”

“ரெண்டு கையா?”

செய்தே காட்டினார். தனக்கு அளக்கும்போது மரக்காலைக் குவியலுக்குள் அழுத்தி, வாரி எடுத்து, ஒரு தட்டு. நெல் இறுகி, இன்னும் ஒரு கை கூடப் பிடிக்கும். மேலே கோபுரம் வேறு. கூலிக்கு அளக்கும்போது கூடையால் நிதானமாக, மெத்தென்று, பூப்போல உள்ளே சொரிவது. நெல்லுக்கு நடுவே காற்றும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே கையால் ஒரு வழி வழித்தால் தீர்ந்தது. அதே மரக்கால். அதே நெல். எந்த இன்ஸ்பெக்டர் வந்து முத்திரை குத்தினாலும் மரக்காலைப் பிடிக்கலாம், கையைப் பிடிக்க முடியாது.

நிலத்துக்காரர் தாத்தாவுக்கு ரெண்டு மரக்கால் வைத்திருந்தார். தாத்தா ஒரே மரக்காலில் ரெண்டு கை வைத்திருந்தார். பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

“எங்களுக்கு அளக்கறப்ப லாபம்னு ஆரம்பிக்க மாட்டாங்க தம்பி. ஒண்ணு, ரெண்டுன்னுதான் எண்ணுவாங்க.”

“ஏன் ஐயா?”

“வெளிய போற நெல்ல யாராச்சும் லாபம்னு சொல்லுவாங்களா?”

மூன்று வருஷ பி.காம்.-இல் ஒரு புரொஃபசர்கூட இவ்வளவு சுருக்கமாக டெபிட், கிரெடிட் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவருடைய ஐப்பசி கார்த்திகை, பாட்டியின் ஐப்பசி கார்த்திகையைவிட நீளம். வாய்க்கால் நண்டு, நத்தை, வயல் எலி. அறுப்பு முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டினால் உள்ளே கதிர் அடுக்கி வைத்திருக்கும். கூடைக்குக் கூடை கிடைத்த வருஷமும் உண்டாம்.

“எலிகூட சேத்து வெச்சிருந்துச்சு. நாங்க அதுகிட்ட கடன் வாங்கிப்போம். அது வட்டி கேக்காது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

*

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது.’ விவசாயத்தில் ஒன்றும் நிற்காது, அதனால் பேசாமல் உழு என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள். மேடைக்கு மேடை சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம்.

கணக்குக்காரன் என்கிற முறையில் எனக்கு இந்தப் பழமொழி மேல் ரொம்ப நாளாகவே சந்தேகம். ஊரில் எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். நிலத்துக்காரர் பார்த்தார், கர்ணம் பார்த்தார், வட்டிக்குக் கொடுத்தவர் பார்த்தார், சர்க்கார் பார்த்தது. உழுதவன் மட்டும் பார்க்கக் கூடாது என்றால், அவனுக்கு அந்த அட்வைஸ் யாரிடமிருந்து வந்திருக்கும்?

பார்த்தார்கள். பார்க்க ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று என்பது சரித்திரத்தில் இருக்கிறது. 1940-களில் கீழத் தஞ்சையில், கன்னடம் தாய்மொழியான பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் ஊர் ஊராக நடந்தார். சாட்டையடியும், தண்டனையாகச் சாணிப்பால் குடிக்க வைப்பதும் நடைமுறையில் இருந்த காலம். அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கச் சங்கம் வந்தது. நான் முன்னே சொன்ன 1952 சட்டத்தில், பண்ணையாளை நினைத்தபோது துரத்த முடியாது, கூலி இவ்வளவு என்று எழுத வேண்டிய நிலைமை வந்தது. அளக்கிற கையைப் பார்த்துக்கொண்டு, ‘வழிக்காதீங்க, தட்டி அளங்க’ என்று சொல்கிற துணிச்சலும் வந்தது.

1968 டிசம்பர் 25 ராத்திரி. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிற, அன்றைக்குத் தஞ்சை மாவட்டத்திலிருந்த கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில் வளர்ந்த தகராறு என்றுதான் அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். சங்கக் கொடியை இறக்கு என்ற மிரட்டலும் சேர்ந்துகொண்டது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் தீயில் செத்துப் போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். கீழ்க் கோர்ட் தண்டித்த நிலத்துக்காரர்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுதலை செய்துவிட்டது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அரைப்படி என்றால் ரெண்டு உழக்கு. தாத்தாவின் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், ஒரு கலத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஒரு பங்கு.

உழுதவன் கணக்குப் பார்த்தான். உழக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

*

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக மாறியது. 1956-ல் எடை அளவைச் சட்டம் வந்து, அறுபதுகளில் படி போய் லிட்டர் வந்தது, வீசை போய் கிலோ வந்தது. பாட்டி மட்டும் கடைசி வரை சின்னப் படி, பெரிய படி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதே அறுபதுகளில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது, குறுகிய காலப் பயிர். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரை கர்ணம், மணியம் பதவிகள் போய், பரீட்சை எழுதி வருகிற வி.ஏ.ஓ. வந்தார். தச்சர் பிள்ளை, கொல்லர் பிள்ளை எல்லோரும் டவுனுக்குப் போனார்கள். களத்து ஓரத்தில் நிற்க ஆளில்லை.

இப்போது அறுவடை மிஷின் வயலில் இறங்கி, ஒரு பக்கம் கதிரை விழுங்கி, இன்னொரு பக்கம் நெல்லைத் துப்புகிறது. அறுப்பு, கட்டு, அடி, தூற்றல் எல்லாம் ஒரு மணி நேரம். நேரே கொள்முதல் நிலையம். 40 கிலோ சிப்பம். ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் முகம் சுளிப்பார்கள். தராசில் சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடும். தொகை பேங்குக்குப் போகும். யாரும் லாபம் என்று ராகம் போடுவதில்லை. தராசுக்கு ராகம் தெரியாது.

இதில் போனது என்ன, வந்தது என்ன என்று ரெண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.

போனது: ஒரு விளைச்சலில் ஊர் முழுக்கப் பெயர் எழுதி வைத்திருந்த அந்த ஏற்பாடு. முடி வெட்டினவருக்கும் வாத்தியாருக்கும் ஒரே குவியலிலிருந்து அளந்த பழக்கம். இன்று என் தெருவில் எனக்காக வருஷம் முழுக்கக் குப்பை அள்ளுகிறவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனஸில் அவருக்கு ஒரு மரக்கால் கிடையாது. தாத்தாவின் கண் பளபளத்ததற்கு நியாயம் இருக்கிறது.

வந்தது: ரைஸ் மில். ஒரே வயிறு உள்ள தராசு. கூலி இவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்கிற தைரியம், கட்டாவிட்டால் திருப்பூருக்கு பஸ் ஏறுகிற வசதி. அப்புறம் அந்தத் ‘தம்பி’.

ரெண்டு பக்கத்தையும் கூட்டி ஒரு நம்பர் போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இதுதான்: நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிற ‘அந்தக் காலம்’ முக்கால்வாசி தாத்தா கணக்கு. தாத்தாக்கள் நன்றாகக் கதை சொல்வார்கள், அவர்களுக்கு சாயங்காலத்தில் நேரம் இருந்தது. பாட்டிகள் அப்போது அடுப்படியில் இருந்தார்கள். மூன்றாவது ஆளிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒரு பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ‘அடடா, எப்பேர்ப்பட்ட கம்பெனி!’ என்று சர்ட்டிபிகேட் கொடுத்தால் ஆடிட்டரை உள்ளே வைத்துவிடுவார்கள்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பு கடித்து, டி.வி. பார்த்து, மிச்சமிருக்கிற நேரத்தில் மூன்று பேரையும் கேளுங்கள். அளந்தவர், குத்தியவர், வாங்கிக்கொண்டவர். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சீக்கிரம் கேளுங்கள். எண்பத்தைந்து வயசுக்காரர்களை அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிப் போட முடியாது.

முதல் ரெண்டு பேர் வீட்டிலேயே கிடைப்பார்கள். மூன்றாமவரை மட்டும் ஆள் விட்டுக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். அவரும் அவர் அப்பாவும் ஆயுசு முழுக்க நம் வீட்டு வாசலில் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை நீங்கள் வாய்க்காலைத் தாண்டிப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். டீ கொடுப்பார்கள். குடியுங்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.